வடக்கு தெற்கான கதை

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வாட்ஸப்பில் ஒரு வீடியோவைத் தட்டிவிட்டு, "என்னய்யா, பூமியோட காந்தம் தலைகீழாகப் போகுதாமே, நாமெல்லாம் காலியா?" என்று கேட்டிருந்தார். "காந்தம் பலவீனமாகுறது நிஜம், நாம காலியாகுறது பொய்" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் எனக்கு அந்த வீடியோவில் இல்லாத ஒரு கேள்விதான் சுவாரஸ்யம். காந்தம் முன்னாடி தலைகீழா இருந்துச்சுன்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு? அவர் சொன்னதை யாராவது நம்பினாங்களா?

பிரான்ஸின் நடுவில் ஓவர்ன்யு என்று அணைந்துபோன எரிமலைகள் நிறைந்த பிரதேசம். அங்கே புய் தெ டோம் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் பெர்னார் புரூன். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் துகள்கள், சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும், அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையிலேயே காந்தமேறி நின்றுவிடும். கல்லுக்குள் உறைந்துபோன காம்பஸ் முள் மாதிரி.

1905-ல் புரூன் அங்கே ஒரு எரிமலைப் பாறையையும், அதற்கு அடியில் குழம்பின் சூட்டில் செங்கல்லாக வெந்துபோன களிமண்ணையும் எடுத்துச் சோதித்தார. ரெண்டுமே தலைகீழ்! வடக்கே பார்க்க வேண்டிய முனை தெற்கே பார்த்தது. பாறை மட்டும் என்றால் பாறையில் ஏதோ கோளாறு என்று தள்ளிவிடலாம். வேறு வேறு பொருள் ரெண்டும் ஒரே மாதிரி சொன்னால்? நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஒரே பக் ரெண்டு வேற வேற மெஷின்ல வந்தா மெஷினைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்தக் காலத்தில் பூமியின் காந்தமே திரும்பித்தான் இருந்தது என்று 1906-ல் எழுதினார் புரூன். பெரிசா யாரும் கண்டுக்கவில்லை. 1910-ல், 42 வயதில் இறந்துபோனார்.

அடுத்து ஜப்பான். கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மோட்டோனோரி மட்டுயாமா 1926-ல் கென்புடோ குகையில் எடுத்த எரிமலைப் பாறையும் தலைகீழாக இருந்தது. மனுஷன் அதோடு விடவில்லை. ஜப்பான், கொரியா, மஞ்சூரியா என்று நூற்றுக்கும் மேற்பட்ட பாறைகளைச் சேகரித்தார். புதிய பாறைகள் இன்றைய திசையில், அவற்றைவிடப் பழையவற்றில் பல எதிர்த்திசையில். அதாவது இது வயசு சம்பந்தப்பட்ட விஷயம். 1929-ல் கட்டுரை வந்தது. மறுபடியும் மௌனம்தான்.

எதிர்த்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இவ்வளவு பெரிய காந்தம் எப்படிப் புரளும் என்று யாருக்கும் விளங்கவில்லை. போதாக்குறைக்கு 1950களின் தொடக்கத்தில், ஜப்பானின் ஹருணா மலைப் பாறை ஒன்று ஆய்வுக்கூடத்தில் ஆறும்போது தானாகவே எதிர்த்திசையில் காந்தமேறிக் காட்டியது. "பார்த்தீங்களா, பாறையோட சேட்டைதான்" என்று சொல்ல வசதியாகிவிட்டது.

முடிவு கட்டியது பாறையின் வயசுதான். பாறையில் உள்ள பொட்டாசியம் மெதுவாகச் சிதைந்து ஆர்கானாக மாறுவதை வைத்து வயசைக் கணக்கிடும் முறையை, அமெரிக்காவில் காக்ஸ், டோயல், டால்ரிம்பிள் மூவரும் 1960களில் பயன்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே வேலை நடந்தது. வெவ்வேறு இடத்துப் பாறைகள், ஆனால் ஒரே வயசு என்றால் ஒரே திசை. பாறையின் சேட்டை என்றால் உலகம் பூராவும் தேதி பார்த்தா சேட்டை செய்யும்?

இதே சமயத்தில், 1963-ல், கனடாவின் லாரன்ஸ் மார்லி, கடலடித் தரையில் தெரியும் காந்த வரிகளுக்கு இந்தப் புரளல்தான் காரணம், கடல்தரை விரிந்துகொண்டே போகிறது என்று எழுதி அனுப்பினார். 'நேச்சர்' திருப்பி அனுப்பியது. இன்னொரு இதழ், இதெல்லாம் பார்ட்டியில் பேசத்தான் லாயக்கு என்கிற தொனியில் மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதே கருத்தை வைன், மேத்யூஸ் இருவரும் 'நேச்சர்'லேயே வெளியிட்டார்கள். மார்லி பெயரைப் பின்னால்தான் சேர்த்தார்கள்.

சரி, இப்போ நம்ம கதை. காந்தப்புலத்தின் வலிமையை முறையாக அளக்க வழி சொன்னவர் காஸ், 1832-ல். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை புலம் சுமார் 9 முதல் 10 சதவீதம் குறைந்திருக்கிறது. தென் அட்லாண்டிக் மேல் அது ரொம்பவே பலவீனம். அந்தப் பக்கம் போகும்போது ஹபிள் தொலைநோக்கி படமெடுப்பதையே நிறுத்திவைக்கும். ஆனால் 2000 வருஷம் முன்னாடி புலம் இன்றைவிட வலுவாக இருந்தது. அந்த உச்சத்திலிருந்து இறங்கி வருகிறது, அவ்வளவுதான். இறங்குவதெல்லாம் புரளும் என்று அர்த்தமில்லை. சுமார் 41,000 வருஷம் முன்பு புலம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கி, கொஞ்ச காலம் திரும்பி, மறுபடி பழைய நிலைக்கே வந்தது. அப்போது மனுஷங்க இருந்தாங்க, பிழைச்சாங்க. அதற்கு ஆதாரம் முதலில் கிடைத்த லாஷாம்ப் பாறைகளும் புரூனின் அதே ஓவர்ன்யுவில்தான்!

உண்மையான புரளல் வந்தால் அதற்குப் பல ஆயிரம் வருஷம் பிடிக்கும். அப்போது சாட்டிலைட்டுக்கும் மின்சார கிரிட்டுக்கும் தலைவலி இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள அவகாசமும் இருக்கும்.

கடைசிப் புரளல் நடந்து சுமார் 7.8 லட்சம் வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய தலைகீழ் காலத்துக்கு மட்டுயாமா பெயர். அன்றிலிருந்து இன்றுவரை உள்ள காலத்துக்குப் புரூன் பெயர். 1964-ல் வைத்தார்கள். மட்டுயாமா இறந்து 6 வருஷம், புரூன் இறந்து 54 வருஷம் கழித்து. நண்பருக்கு இதைத்தான் அனுப்பினேன்: "நீங்க இப்ப வாழ்ந்துகிட்டு இருக்கிறதே யாரும் நம்பாத ஒருத்தர் பேர்ல இருக்கிற காலத்துலதான்."

ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. வீடியோவைப் பார்த்து அலறியவருக்கு ரெண்டு கல்லு சொன்னது போதவில்லை போல. மார்லி கதையை நேரம் கிடைத்தால் தனியாக எழுதணும்.