கல்லில் பதிந்த மழைக் கணக்கு

திருமலைக் கோயில் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விஜயநகர அரசர் காலத்தில் அன்பர்கள் அளித்த பொன்னைக் கொண்டு கோயிற் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டினர். பெருகிய விளைச்சலிலிருந்து இறைவனுக்குத் திருவமுது படைத்தனர். இச்செய்திகளை அக்கல்வெட்டுகள் நமக்குக் கூறுகின்றன. நீருக்காக மனிதர் செய்த முயற்சி இது. அந்நாளில் வானம் எவ்வாறு பொழிந்தது? அதை அறிய வேறொரு கல்லை நாம் நாடவேண்டும்.

திருமலை குவார்ட்சைட் என்னும் கடும்பாறையாலானது, எளிதில் கரையாதது. வடக்கே கர்னூல் வட்டாரத்திலோ சுண்ணாம்புப் பாறை மிகுதி. பேலம் குகை அப்பாறையில் தோன்றியதே. மண்ணில் ஊறும் மழைநீர் கரியமிலவாயுவை ஏற்றுச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. குகைக் கூரையிலிருந்து சொட்டும்போது அவ்வாயு பிரிய, சுண்ணாம்பு படிகிறது. மேலே விழுதாகவும் கீழே தூணாகவும் கல் அடுக்கடுக்காக வளர்கிறது.

நீரில் யுரேனியம் கரையும். தோரியம் பெரும்பாலும் கரையாது. எனவே கல்லினுள் யுரேனியம் சிதைந்து உண்டான தோரியத்தை அளந்தால் அடுக்கின் வயது புலனாகும். பருவமழை மிக்க காலத்து நீரில் கனமான பிராணவாயு அணுக்கள் பொதுவாகக் குறைவு. அக்குறைவும் கல்லில் பதிகிறது.

கர்னூல் வட்டாரத்து வால்மீகி குகைக் கல், சுமார் 15,700 முதல் 14,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட பருவமழையின் ஏற்றத்தாழ்வைக் காட்டியது. கோயில் வரலாற்றுக்கு நெருங்கிய சான்று பஸ்தாரிலுள்ள தண்டக் குகையில் கிடைத்தது. 2007இல் வெளியான அவ்வாய்வு கி.பி. 600 முதல் 1500 வரை மழையின் போக்கை ஆராய்ந்து, 14ஆம் நூற்றாண்டில் கடும் வறட்சி நிலவியதைக் கண்டது.

அவ்வறட்சியே திருப்பதியில் ஏரி வெட்டக் காரணம் என்று நாம் துணிந்து கூறலாகாது. பஸ்தாருக்குத் தென்மேற்குப் பருவமழையே முதன்மையானது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளுக்கோ வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆயினும் ஒரு பாடம் தெளிவு. மழைமானிகள் காட்டும் ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கை மட்டும் நம்பி நீர்நிலைகளைத் திட்டமிடுதல் போதாது.

கோயிற் சுவரில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் நாம் வருந்துகிறோம். குகையில் ஒரு விழுதை ஒடிப்பவரும் வரலாற்றின் ஏட்டையே கிழிக்கிறார். அயல் மாநிலங்களில் வாழும் நாம் எக்குகைக்குச் சென்றாலும் இதனை மறவாதிருப்போமாக.