கிழமைக்கொரு தடவை ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?

 

எங்களிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய் அண்மையில் வந்து கேட்டார்: “சேர், தம்பிக்கு குளோசபின் குளிசை குடுக்குறாங்க. இப்ப நல்லா பேசுறான், தூங்குறான். ஆனா கெழமைக்கு ஒருக்கா ரத்தம் பார்க்கணுமாம். பதுளைக்கு கூட்டிட்டுப் போனா எனக்கு ஒருநாள் பேர் போகுது. நிப்பாட்டிருவமா?”

நிப்பாட்ட வேண்டாம் என்றோம். ஏன் என்பது ஒரு வரலாறு.

1950களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் குளோசபின் உருவானது. உருவாக்கியது வாண்டர் கம்பனி. ஓவல்டினைத் தந்த அதே கம்பனி. மனச்சிதைவு நோய்க்கான அக்கால மருந்துகள் கைகால்களை நடுங்க வைத்தன, உடம்பை விறைக்க வைத்தன. இது அப்படிச் செய்யவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது.

1975இல் பின்லாந்திலிருந்து கெட்ட செய்தி வந்தது. இந்த மருந்தை எடுத்த சிலரின் வெள்ளை அணுக்கள் திடீரென விழுந்து, கிருமித் தொற்றால் 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து நிறுத்தப்பட்டது.

ஆனாலும் வேறு எந்த மருந்துக்கும் குணமாகாதவர்கள் இதில் தேறியதை வைத்தியர்கள் மறக்கவில்லை. 1988இல் அமெரிக்காவில் ஜோன் கேனும் அவரது குழுவினரும் அப்படிப்பட்ட 268 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஆறு கிழமைகளில் குளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதமானோர் தேறினர். பழைய குளோர்ப்ரோமசின் எடுத்தவர்களில் 4 சதவீதமானோரே தேறினர். 1989இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: இரத்தப் பரிசோதனை இல்லையென்றால் குளிசை இல்லை.

அந்த நிபந்தனைதான் இன்று எங்கள் ஊர்த் தம்பி வரை மருந்தைக் கொண்டுவந்திருக்கிறது.

ஆபத்து நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வரும். அதனால்தான் தொடக்கத்தில் கிழமைதோறும், பிறகு இடைவெளி விட்டு, கடைசியில் மாதமொரு முறை பார்க்கிறார்கள். எடுப்பது ஒரு தேக்கரண்டியும் நிறையாத இரத்தம். அணுக்கள் குறைவதை நேரத்தோடு கண்டு மருந்தை நிறுத்தினால், பெரும்பாலானோருக்கு அவை மீண்டும் ஏறிவிடும்.

2025இல் அமெரிக்கா அந்தக் கட்டாய முறையைத் தளர்த்தியது உண்மை. பரிசோதனை தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண் வந்தால் பனடோலோடும் கொத்தமல்லித் தண்ணியோடும் இருந்துவிடாமல், கிளினிக் கொப்பியோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளோசபின் குடிப்பதைச் சொல்லுங்கள். இரண்டு நாள் குளிசை தவறினால் பழைய அளவை நீங்களாக மீண்டும் தொடங்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். நோன்பு காலத்திலும் டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்ற வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். பக்கத்து லயத்தில், பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஒரு கிழமை நீங்கள் அவரைப் பதுளைக்குக் கூட்டிப் போங்கள். அந்தத் தாயின் ஒருநாள் பேர் மிஞ்சும். தம்பியின் மருந்தும் தொடரும்.