உண்பதும் உடனுண்பதும்: தமிழகத்து மிஷனரிகளின் உணவு வழக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அந்நிய நாட்டில் குடியேறி வாழ்வோர் உடையை விரைவில் மாற்றிக்கொள்வர். மொழியையும் காலப்போக்கில் கற்றுக்கொள்வர். உணவை மாற்றிக்கொள்வதுதான் கடினம். மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ செல்லும் நம் மாணவரின் பெட்டியில் கிரேக்க அகராதிக்கு இடமில்லாது போயினும் ஊறுகாய்ப் புட்டிக்கு இடமுண்டு என்பதை நாம் அறிவோம். நம் நாட்டிற்கு வந்த ஐரோப்பிய மிஷனரிகளுக்கும் இக்கடினம் இருந்தது. அவர்கள் தமிழ் பயின்ற விதத்தை விரிவாகக் கூறும் வரலாற்று நூல்கள், அவர்கள் எதை உண்டனர், யாருடன் உண்டனர் என்பதைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கின்றன. இவ்விரு வினாக்களையும் பிரித்து நோக்கினால் நம் திருச்சபை வரலாற்றின் சில சிக்கல்கள் தெளிவாகும் என்பது நமது கருத்து.

இதற்குத் தக்க சான்று இயேசு சபைத் துறவியாகிய இராபர்ட் தெ நொபிலி. உரோமையில் 1577-இல் பிறந்த இவர் 1605-இல் கோவாவுக்கும் 1606-இல் மதுரைக்கும் வந்தார். அங்கே அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியத் துறவி, பரதவக் கிறிஸ்தவர்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்தார். மதுரை மக்கள் இவரைப் 'பறங்கி' என்றனர். அச்சொல் வெறும் நாட்டுப் பெயராக அன்று வழங்கவில்லை. மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், நீராடாதவன், தோற்செருப்பு அணிபவன் என்ற இகழ்ச்சியெல்லாம் அதில் அடங்கியிருந்தது. ஞானஸ்நானம் பெற வந்தவரிடம், 'பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா?' என்று கேட்கும் வழக்கமும் இருந்தது. கிறிஸ்துவிடம் வருவது என்றால் போர்த்துக்கீசியர் உணவுக்கு மாறுவது என்றே கேட்டவர் பொருள் கொண்டனர். இவ்வினாவைக் கேட்டு நொபிலி திடுக்கிட்டதில் வியப்பில்லை.

அவர் இறைச்சி, மீன், முட்டை, மது அனைத்தையும் விலக்கினார். பிராமணர் வாழ்ந்த பகுதியில் குடிசை அமைத்து, பிராமணச் சமையற்காரர் ஒருவரை வைத்துக்கொண்டார். சோறும் பாலும் காய்கறியுமாக நாளுக்கு ஒரு வேளையே உண்டார். காவியும் பாதக்குறடும் அணிந்தார். தாம் பறங்கியல்லர், உரோமையிலிருந்து வந்த துறவி என்று 1611-இல் ஓலையில் எழுதித் தம் வாயிலில் வைத்தார். இத்தாலிய உயர்குடியில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் இந்நியமத்தைக் காத்தார் என்பதை எளிதாக எண்ணலாகாது. கண்பார்வை மங்கிய முதுமையிலும் அதை அவர் கைவிடவில்லை. 1656-இல் மயிலாப்பூரில் காலமானார்.

ஆயினும் இவ்வரலாற்றில் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது வேறொரு செய்தி. பிராமணச் சமையற்காரர் ஆக்கிய சோற்றை உண்ணத் தொடங்கிய நாள்முதல் நொபிலி, தம் சொந்தச் சபைச் சகோதரராகிய பெர்னாண்டஸுடன் உண்பதை நிறுத்தினார். வழிபாட்டிற்கும் தனிக் கோயில் எழுந்தது. 1610-இல் பெர்னாண்டஸ் மேலிடத்திற்கு முறையிட்டார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சித்திரிக்கும் வழக்கம் உண்டு, அது நியாயமன்று. பிராமண ஆசாரங்களைப் பற்றி 1616-இல் விரிவான நூல் எழுதியவர் அவரே. அவருடைய முறையீட்டில் பொறாமை கலந்திருக்கலாம், ஆனால் அதில் அந்தியோகியாவின் குரலும் உண்டு. புறஜாதியாருடன் உண்டு வந்த பேதுரு பின்வாங்கியபோது பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நொபிலி ஏற்றது தமிழர் உணவு என்று பொதுப்படச் சொல்வதும் பொருந்தாது. தமிழரில் பெரும்பாலோர் மீனும் இறைச்சியும் உண்போரே. அவர் ஏற்றது ஒரு சிலரின் உணவு. அவ்வுணவோடு அவர்களுடைய பந்தி வரம்பும் சேர்ந்தே வந்தது.

நொபிலியின் முறை பற்றிய வழக்கு 1619-இல் கோவா மாநாட்டில் ஆராயப்பட்டது. 1623-இல் போப்பு பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நிபந்தனையுடன் அனுமதித்தார். ஒரு பந்தியில் மட்டும் மாற்றத்திற்கு இடமிருக்கவில்லை. உணவில் மதுவை ஒதுக்கியவர் பூசையில் திராட்சை இரசத்தை ஒதுக்க முடியாது. மற்றச் சாதியாரிடையே ஊழியம் செய்ய 1640 முதல் 'பண்டாரசாமிகள்' என்ற தனி வகைத் துறவிகள் ஏற்பட்டனர். ஒடுக்கப்பட்டோரின் வீடுகளுக்கே சென்று நோயாளிகளுக்குச் சடங்குகளை நிறைவேற்ற வேண்டும் என்று 1704-இல் புதுச்சேரியில், பின்னாளில் கர்தினாலான தூர்னோன் ஆணையிட வேண்டியதாயிற்று. அவ்வாணை தேவைப்பட்டதே நிலைமையைக் காட்டும்.

சீர்திருத்தச் சபையாரில் சுவார்ட்ஸ் ஐயரின் வழி வேறு. 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த காலத்தில், நாட்டு முறைப்படி ஆக்கிய சோறும் காய்கறியும் அவருக்கு முகமலர்ச்சியுடன் உண்ணும் உணவாயிருந்தது என்று அவரை அறிந்த ஆங்கிலேயர் எழுதியுள்ளார். அதில் கொள்கை எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. குறைந்த சம்பளத்தில் எளிமையாக வாழ்ந்த ஒருவரின் இயல்பான பழக்கம் அது. ஆனால் அவர் காலத்துச் சபைகளிலும் சாதிவாரியாக அமரும் வழக்கம் நீடித்தது. உயர்சாதியார் முதலிலும் மற்றோர் பின்னருமாகத் திருவிருந்துக்கு வந்தனர்.

1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே, முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒருபடி சென்றது. யார் சமைத்ததாயினும், யாருடனாயினும் உண்டு சாதியை முறித்தவருக்கே ஞானஸ்நானம் என்று தீர்மானித்தது. நொபிலி தம் தட்டை மாற்றினார். இவர்களோ பிறர் தட்டை மாற்ற முனைந்தனர். நோக்கம் சரியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் தம் ரொட்டியையும் இறைச்சியையும் ஒரு நாளும் துறக்காதவர்கள் பிறருக்கு உணவால் பரீட்சை வைத்தது கேட்போர் உள்ளத்தில் பழைய 'பறங்கிக் குலம்' என்ற வினாவையே எழுப்பியது.

லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் இத்தீர்மானத்தை எதிர்த்தார். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் சுற்றிப் பார்த்த அவர், சாதி நாட்டு வழக்கம் சார்ந்தது, கட்டாயத்தினால் அதை நீக்கலாகாது என்று வாதாடினார். கட்டாயம் பற்றி அவர் சொன்னதில் உண்மை உண்டு. நாட்டு வழக்கம் என்றதை நாம் ஒப்ப முடியாது. ஒருவன் கைபட்ட சோற்றைத் தீட்டென்று தள்ளுவது உடையைப் போலவோ சுவையைப் போலவோ ஒரு வழக்கம் அன்று. இவ்விவாதத்தின் ஏடுகளில் பேசுவோர் மிஷனரிகளும் உயர்சாதிக் கிறிஸ்தவருமே. அந்தச் சோதனைப் பந்திக்கு உலையேற்றியவர்கள் பொருளாக வருகின்றனர், பேசுவோராக வருவதில்லை. தஞ்சைப் பகுதியின் வேளாளக் கிறிஸ்தவர் பலர் லைப்சிக் மிஷனில் சேர்ந்தனர். அங்கே அவர்களுக்கு அப்பந்தி வைக்கப்படவில்லை.