லீவுக் கப்பல்

நம்முடைய வரலாற்றில் கப்பல் எப்போதும் ஒரே திசையில்தான் போகிறது. நாகப்பட்டினத்தில் ஏறுகிறார்கள், பினாங்கில் இறங்குகிறார்கள், பால்மரத்தடியில் சாகிறார்கள். நாவல், மேடைப்பேச்சு, பள்ளிக்கூட நாடகம் எல்லாவற்றிலும் இதே கதை. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1957-க்கு முந்தைய நூறாண்டுகளில் மலாயாவுக்குள் வந்த இந்தியர்கள் சுமார் நான்கு மில்லியன். அதே காலத்தில் வெளியே போனவர்கள் மூன்று மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவைகூட எண்ணப்பட்டிருப்பார். எனக்கு வேண்டியது அந்த ஆள்தான்: போனார், வந்தார், மறுபடியும் போனார்.

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் இதற்கு ஒரு பெயர் உண்டு. "ஊருக்குப் போறது." லயத்தில் யாராவது பழைய ஆளிடம் பேச்சுக் கொடுத்தால், "அப்பா ஊருக்குப் போயிருந்தப்பதான் அது நடந்துச்சு" என்று ஆண்டுக்குப் பதிலாகக் கப்பலைச் சொல்வார்கள். தோட்டத்து மனிதனுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நீண்ட விடுமுறை அது. அதன் பெரும்பகுதி கடலில் போனது.

அந்தக் கடல்வழியின் இரண்டு முனைகளையும் நமக்கு முன்னால் கட்டிப்போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1641-இல் மலாக்காவையும் 1658-இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690-இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஆளுநராக இருந்தவர்களில் ஒருவர் யாக்கோப் மோசல். பிறகு பத்தாவியாவில் தலைமை ஆளுநரானார். அவர் காலத்தில்தான், 1757-இல், லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கோட்டை எழுந்தது. அவருடைய மகளின் பெயரால் அதற்கு பிலிப்பினா என்று பெயர். இன்று கோலா லிங்கியில் சுப்பாய் கோட்டை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். எங்கள் ஊரில் ஓடுகிற சுங்கை ரெம்பாவ் லிங்கியில்தான் போய்ச் சேர்கிறது. 1758-இல் அந்தக் கோட்டையில் வைத்து ரெம்பாவையும் ஓர் ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டார்கள்; அவர்கள் குறி ஈயத்தின் மீது. ஆக, நாகப்பட்டினத்தை ஆண்ட ஒருவரின் வீட்டுப் பெயர், ரெம்பாவிலிருந்து ஈயம் இறங்கிவரும் வாசலில், ரப்பர் வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே நின்றுகொண்டிருந்தது. எந்தத் தோட்ட வரலாற்றிலும் இது ஒரு வரிகூட இல்லை.

பாய்மரக் காலத்தில் போக்குவரத்தைத் தீர்மானித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் சோழமண்டலத்திலிருந்து துணி ஏற்றிக்கொண்டு வருவார்கள். திரும்ப வடகிழக்குக் காற்று எழும்ப வேண்டும். அதுவரை மலாக்காவில் காத்திருக்க வேண்டியதுதான். கட்டாய லீவு என்று சொல்லலாம். அப்படிக் காத்திருந்து, இங்கேயே பெண் கட்டி, தமிழ் மறந்து, சாமியை மறக்காதவர்கள் மலாக்கா செட்டிகள். டச்சு நிர்வாகம் தைவநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781-இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் கட்டப்பட்டது. அதே 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தாலும் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீராவி வந்ததும் காற்றுக்காகக் காத்திருப்பது போயிற்று. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் எஸ்.எஸ். ரஜூலா 1926-இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஐம்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. நீளம் ஐந்நூறு அடிகூட இல்லாத கப்பல். பொறியியல் படித்தவன் என்பதால் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்ததும் முதலில் என் நினைவுக்கு வந்தது கழிவறைதான். நாகையிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 1,250 கடல் மைல். மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் போனால் நான்கு பகல், நான்கு இரவு. பாயை விரித்த இடம்தான் அத்தனை நாளும் வீடு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த் தொற்றி ஏற வேண்டும். டிரங்குப் பெட்டி, கைக்குழந்தை, கோடாலித் தைலம் எல்லாம் அந்த அலையில் ஆடிக்கொண்டேதான் மாறின.

இதையெல்லாம் உல்லாசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் போய்வந்தவர்களின் பேச்சில் ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமையைத்தான் தோட்ட முதலாளிகள் காசாக்கினார்கள். கங்காணி முறையின் சூட்சுமமே அது. கங்காணி வெளியிலிருந்து வந்த தரகர் கிடையாது. அதே தோட்டத்தில் வேலை செய்தவர். துரை அவருக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்துச் சொந்த ஊருக்கே அனுப்புவார். புது வேட்டி, கையில் மோதிரம், பேச்சில் இரண்டு மலாய் வார்த்தை. கிராமத்தில் அவர் சும்மா தெருவில் நடந்தாலே போதும், அதுவே விளம்பரம். அழைத்து வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குக் கூலி உண்டு. பிறகு அந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. அவருடைய லீவே ஆள்பிடிப்பாக இருந்தது. போனவர் திரும்பி வந்து காட்டாவிட்டால் அடுத்தவர் கிளம்பியிருக்க மாட்டார். திரும்பும் பயணத்தை விட்டுவிட்டுக் கங்காணியை வெறும் ஏமாற்றுக்காரராக எழுதுவது சுலபம். ஏமாற்றியவர்கள் உண்டுதான். ஆனால் சொந்தக்காரர்களையும் பங்காளிகளையும் அழைத்து வந்தவர், அவர்கள் முகத்தில் விழித்துக்கொண்டே அதே லயத்தில் வாழவும் வேண்டியிருந்தது.

1938-இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. பிறகு போர். ரஜூலாவின் இணைக்கப்பல் ரோனா, 1943 நவம்பரில் அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக்கடலில் போகும்போது ஜெர்மானியக் குண்டுக்கு இரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். நம் ஆட்கள் பாய் விரித்துப் படுத்திருந்த அதே வழித்தடத்தில் ஓடிய கப்பல் அது.

போருக்குப் பிறகு கப்பல் மறுபடி ஓடியது. ஆனால் கடலைவிடக் காகிதம் பெரிதாகிவிட்டது. 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. ஊருக்குப் போகிறவர் குறித்த நாளுக்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்குக் காரியம் முடிக்க நின்றவர், நிலத் தகராறில் மாட்டியவர், காய்ச்சலில் படுத்தவர் இவர்களுக்கெல்லாம் தேதி தவறியது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மூத்தவர் ஊரில் தங்கிவிட்டார், தம்பிகள் இங்கே. அவர்களுக்கிடையில் சண்டை எதுவும் இல்லை. மூத்தவர் கையில் இருந்த சீட்டு காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். டச்சுக்காரர்கள் காலத்தில் நாகூர் மரைக்காயர் கப்பல்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் அவர்கள் கெடாவுக்கும் ஆச்சேவுக்கும் நழுவிப் போய் வியாபாரம் செய்தார்கள். டெக்கில் படுத்துப் போனவருக்கு நழுவிப் போக இடமில்லை.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிகள் கிளம்பினார்கள். அதே ரஜூலா, அதே டெக். முன்பெல்லாம் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் கோழியை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை கோழியை விற்றார்கள். ஒரு பாட்டி சொல்லித்தான் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. லீவில் போனவர், வேலை முடிந்து போனவர், துரத்தப்பட்டுப் போனவர் எல்லாரையும் "வெளியேறியோர்" என்ற ஒரே பத்தியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ரஜூலா 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு கப்பல் பயணமும் நின்றது. இப்போது கோலாலம்பூரில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் திருச்சி. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து மறுபடியும் ஒரு பயணிகள் கப்பல் கிளம்பியது. காங்கேசன்துறைவரை மட்டும் போகிறது.