அர்பத்நாட்டும் என் அக்காவும்

போன வாரம் காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கூட நடக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், நீங்க பாங்க்ல இருந்தவர். ரிடையர்மென்ட் பணம் கொஞ்சம் கையில இருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி வாங்கித் தரேங்கிறார். மாசம் ஒண்ணாம் தேதி ஆனா கணக்குல விழுந்துடுமாம். போடலாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். இன்னொரு கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் கதை நம் சென்னையில் நடந்தது. அப்போது பட்டணத்தில் வெள்ளைக்காரர்களின் பெரிய வியாபார நிறுவனங்கள் என்றால் பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்றைச் சொல்வார்கள். அர்பத்நாட் கம்பெனி கடற்கரையை ஒட்டி இருந்தது. ஏற்றுமதி, இறக்குமதியோடு வங்கித் தொழிலும் செய்தது. வக்கீல்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள், ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், கோயில் தர்மகர்த்தாக்கள் எல்லாரும் அங்கே பணம் போட்டார்கள். வட்டி மற்ற இடங்களைவிடக் கூடுதல். நிறுவனத்தின் தலைவர் சர் பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட். நூறு வருடப் பெயர், வெள்ளைக்கார துரை, சர் பட்டம். இதற்கு மேல் என்ன ஜாமீன் வேண்டும் என்று நம் ஜனங்கள் நினைத்தார்கள்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கதவை மூடிவிட்டது. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ஊக வியாபாரத்தில் பெரும் பணத்தை இழந்து, அதற்குச் சில நாள் முன்புதான் தற்கொலை செய்துகொண்டிருந்தார். இங்கே மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், போட்டவர்களுக்குத் தெரியாமலேயே, கடல் தாண்டிச் சூதாட்டத்துக்குப் போயிருந்தது. வழக்கு நடந்தது. சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. துரைக்கே ஜெயில் என்று ஊர் ஆச்சரியப்பட்டிருக்கும். ஆனால் அதனால் யாருடைய பணமும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

இந்த இழப்பிலிருந்து ஒரு நல்லதும் பிறந்தது. பணம் போட்டவர்களுக்காக வாதாடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்ள ஒரு வங்கி வேண்டும் என்று அவர் முன்னின்றார். நகரத்தார் சமூகத்தினர் கை கொடுத்தார்கள். 1907 மார்ச் 5-ல் இந்தியன் வங்கி பதிவாகி, அதே வருடம் ஆகஸ்ட் 15-ல் பாரீஸ் கார்னரில் வேலையைத் தொடங்கியது.

ஆனாலும் வங்கி என்ற பெயர் இருந்தால் மட்டும் பணம் பத்திரம் என்று ஆகிவிடவில்லை. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது. பாலைக்குப் பிறகுதான் டெல்லி விழித்துக்கொண்டது. வங்கியில் போடும் பணத்துக்கு இன்ஷூரன்ஸ் 1962 ஜனவரி 1 முதல் வந்தது. ஆளுக்கு 1,500 ரூபாய் வரை. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 1993-ல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமானது. அர்பத்நாட் காலத்து மனிதர்களுக்கு இந்தப் பாதுகாப்பில் ஒரு காசுகூடக் கிடையாது.

இதையெல்லாம் நான் வங்கித் தேர்வுக்காக நெட்டுருப் போட்டுப் பாஸ் செய்தவன். அப்படி இருந்தும் இரண்டாவது கதை நடந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சர்வீஸில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். கிராஜுவிட்டி, எல்.ஐ.சி. எல்லாம் சேர்ந்து மூன்று லட்சம் வந்தது. பெண் கல்யாணத்துக்கு நின்றாள். 1996-ன் தொடக்கம். எங்கள் வங்கியில் வைப்பு நிதிக்கு 11, 12 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தோம். நகரில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள் 24 சதவீதம் தருவதாக போர்டு வைத்திருந்தன. அதில் ஒன்றில் பாதிப் பணத்தைப் போடலாமா என்று அக்கா என்னிடம்தான் கேட்டாள். "நீ பாங்க்காரன், உனக்குத் தெரியாததா தம்பி? நீ சொன்னா போடறேன்."

கம்பெனியின் கணக்கு வழக்கை நான் பார்க்கவில்லை. எங்கள் கிளையிலேயே மூன்று பேர் போட்டிருந்தார்கள், மாதாமாதம் வட்டி வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. "போடு அக்கா" என்றேன்.

ஒன்றரை லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் வந்தது. பதினான்கு மாதம் வந்தது. பதினைந்தாவது மாதம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் ஐம்பது, அறுபது பேர். பாதிப் பேர் என் வயதைத் தாண்டியவர்கள். அந்த வருடம்தான் முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதிகாரிகள் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் ஏலம் விட்டு, கிடைத்ததைப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அக்காவுக்கும் வந்தது. பல வருடம் கழித்து, இரண்டு தவணையில், முதலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் அவள் நகையை விற்றுப் பெண்ணின் கல்யாணத்தை முடித்திருந்தாள். பத்திரிகையை என் கையில் கொடுத்தபோதும், அதற்குப் பிறகு கடைசி வரையிலும், அந்தப் பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அர்பத்நாட் வாசலிலும் எங்கள் ஃபைனான்ஸ் கம்பெனி வாசலிலும் நின்றவர்கள் ஒரே தப்பைத்தான் செய்திருந்தார்கள். பணம் எங்கே போகிறது என்று கேட்காமல், இன்னார் போட்டிருக்கிறார், வட்டி வருகிறது என்பதையே கணக்காக எடுத்துக்கொண்டார்கள். வட்டி ஒழுங்காக வருவது முதல் பத்திரமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. நம் முதலிலிருந்தே எடுத்து நமக்கு வட்டி என்று தர முடியும்.

என் வயதினருக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொள்கிறேன். ஐந்து லட்சம் காப்பீடு என்பது ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியும் சேர்த்து. பெரிய தொகை இருந்தால் இரண்டு மூன்று வங்கியில் பிரித்துப் போடுங்கள். இந்தக் காப்பீடு ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் சீட்டுக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் கிடையாது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்று டெபாசிட் வாங்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் அது 24. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் அர்பத்நாட் கதையைக் கேட்டுவிட்டு, "அது வெள்ளைக்காரன் காலம் சார்" என்று சிரித்தார். நாளைக் காலை அவரிடம் அக்காவின் கதையையும் சொல்லப்போகிறேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்துவிட்டது.