செப்டம்பர் 17: ஐதராபாத் வரலாற்றில் ஒரு நாளும் பல பெயர்களும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஆம் நாள், பழைய ஐதராபாத் சமஸ்தானத்தின் பகுதிகளில் வெவ்வேறு பெயர்களால் நினைவுகூரப்படுகிறது. மராட்டியத்தின் மராத்வாடா பகுதியில் அது விடுதலைப் போராட்ட நாள்; கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் கல்யாண கர்நாடக நாள். தெலங்கானாவிலோ பெயரே வழக்காக நிற்கிறது. 2022இல் ஒன்றிய அரசு அதனை விடுதலை நாளாகவும், மாநில அரசு தேசிய ஒருமைப்பாட்டு நாளாகவும் கொண்டாடின. 2024இல் மாநில அரசு மக்களாட்சி நாள் எனப் பெயர் மாற்றியது. இப்பெயர் வேற்றுமைக்கான காரணத்தை அந்நாளின் நிகழ்வுகளிலேயே காணலாம்.

1947 நவம்பர் 29இல் நிஜாம் இந்திய அரசுடன் ஓராண்டுக்கான நிலைநிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டார். அது பயனளிக்காத நிலையில், 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை சமஸ்தானத்தினுள் நுழைந்தது. 17ஆம் நாள் லாயக் அலியின் அமைச்சரவை விலகியது; நிஜாம் போர்நிறுத்தத்தை அறிவித்தார். மறுநாள் படைத்தலைவர் எல் எட்ரூஸ், மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரியிடம் சரணடைந்தார். எனவே 17ஆம் நாள் குறிப்பது போர்நிறுத்தத்தையே அன்றி, ஆட்சிமாற்றத்தின் நிறைவை அன்று. இந்திய அரசியலமைப்பை ஏற்கும் நிஜாமின் ஆணை 1949 நவம்பர் 23இல்தான் பிறந்தது. அவர் 1950 ஜனவரி 26 முதல் ராஜப்பிரமுகராகவும் தொடர்ந்தார்.

மக்களின் போராட்டமும் இந்நாளில் தொடங்கியதன்று, முடிந்ததும் அன்று. இன்றைய தார்நாகாவை அடுத்துள்ள உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் 1938இலேயே மாணவர்கள் வந்தேமாதரம் பாடி வெளியேற்றப்பட்டனர். 1946இல் எழுந்த தெலங்கானா உழவர் ஆயுதப் போராட்டம், படை நுழைந்த பின்னும் நீடித்து 1951 அக்டோபரில் கைவிடப்பட்டது. நிலக்கிழாருக்கு எதிராகப் போராடிய உழவருக்கு 17ஆம் நாள் முழு விடுதலையாகவில்லை. ரசாக்கர்களின் கொடுமைக்கு அஞ்சியிருந்தோர்க்கு அது ஆறுதலாயிற்று. அதே வேளையில், அதன் பின் நிகழ்ந்த வன்முறையில் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் எனச் சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. இறந்தோருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அக்குழுவின் அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே இருந்தது.

1956 நவம்பர் 1இல் சமஸ்தானப் பகுதிகள் மொழிவழியே மூன்றாகப் பிரிந்தன. அதனோடு நினைவும் மூன்றாகப் பிரிந்தது எனலாம். விடுதலை, இணைப்பு, மக்களாட்சி என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு கூற்றைச் சுட்டுகின்றன, முழுமையைச் சுட்டவில்லை. ஆகவே இந்நாளை ஆராய்வோர், எப்பெயர் சரியானது என வினவுவதற்கு முன், அப்பெயரால் யாருடைய அனுபவம் விடுபடுகிறது என வினவுதல் வேண்டும்.