சானிடைசர் போட்டாலும் 'பாசிட்டிவ்' வருமா? அமெரிக்க மருத்துவர்களைத் துரத்தும் சிறுநீர்ப் பரிசோதனை

குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட ஒரு மருத்துவர், மறுபடியும் குடிச்சாரா இல்லையா? அதை ஒரு கப் சிறுநீரை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியுமா? அமெரிக்காவில் சுமார் 20 ஆண்டுகளாக ஓயாத சர்ச்சை இது.

யாருக்கு இந்த டெஸ்ட்?

அமெரிக்காவின் பெரும்பாலான மாகாணங்களில் 'மருத்துவர் நலத் திட்டங்கள்' உள்ளன. மது அல்லது போதைப்பொருள் பிரச்னையில் சிக்கிய மருத்துவர், லைசென்ஸைக் காப்பாற்ற இதில் சேர்கிறார். நர்ஸ்கள், மருந்தாளுநர்களுக்கும் இதுபோன்ற திட்டங்கள் உண்டு. ஒப்பந்தம் பொதுவாக 5 ஆண்டுகள். லீவு நாளில், வீட்டில்கூட ஒரு வாய் குடிக்கக் கூடாது. தினமும் காலையில் போனிலோ ஆப்பிலோ செக் பண்ண வேண்டும். 'இன்று உங்கள் முறை' என்று வந்தால், அன்றே போய் மாதிரி கொடுத்தாக வேண்டும். செலவு பெரும்பாலும் அவர் பாக்கெட்டிலிருந்துதான்.

திட்டத்தால் பலன் இல்லாமல் இல்லை. 16 மாகாணத் திட்டங்களைச் சேர்ந்த 904 மருத்துவர்கள் பற்றி 2008-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஓர் ஆய்வை வெளியிட்டது. 5 ஆண்டுக் கண்காணிப்பில் சுமார் 78% பேருக்கு ஒருமுறைகூட பாசிட்டிவ் வரவில்லை.

இ.டி.ஜி. என்றால் என்ன?

குடித்த மது சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆனால் அதில் மிகச் சிறு பகுதியை, கல்லீரல் 'எத்தில் குளுகுரோனைடு' (இ.டி.ஜி.) என்ற பொருளாக மாற்றுகிறது. இது சிறுநீரில் 3 நாள் வரைகூடத் தெரியலாம். அதனால்தான் 2000-களின் தொடக்கத்தில் இந்த டெஸ்ட் வேகமாகப் பரவியது.

சிக்கல் எங்கே?

ஆல்கஹால் எந்த வழியாக உடம்புக்குள் போனது என்பது இந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. மவுத்வாஷ், சில இருமல் மருந்துகள், வெனிலா எசென்ஸ் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கலாம். மருத்துவமனையில் நாள் முழுக்கக் கையில் தேய்க்கும் சானிடைசரில் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால்தான். அதன் ஆவியைச் சுவாசித்தாலே கொஞ்சம் உள்ளே போகும்.

2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 11 பேர், தினம் 10 மணி நேரம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை என 3 நாள்கள் சானிடைசர் பயன்படுத்தினார்கள். ஒருவருடைய இ.டி.ஜி. அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2,000 நானோகிராமைத் தொட்டது. வழக்கமாக 100 அல்லது 500-ஐத் தாண்டினாலே 'பாசிட்டிவ்' என்பார்கள். இது அளவுக்கு மீறிய பயன்பாடுதான். ஆனால் குடிக்காமலேயே பாசிட்டிவ் வரலாம் என்பது இதில் நிரூபணமானது.

அதற்கு முன்பே, 2006-ல் அமெரிக்க அரசின் போதைப்பொருள் மற்றும் மனநல சேவைகள் அமைப்பு எச்சரித்திருந்தது: இ.டி.ஜி. முடிவை மட்டும் வைத்து ஒருவர்மீது நடவடிக்கை எடுப்பது அறிவியல்ரீதியாக ஏற்கத்தக்கதல்ல.

பாதிப்பு என்ன?

ஒரு பாசிட்டிவ் வந்தால், பணியிலிருந்து விலகி இருக்கச் சொல்லலாம். வெளியூர் மையத்தில் தங்கி மதிப்பீடு செய்துகொள்ளச் சொல்லலாம். வருமானம் நிற்கும், செலவு ஏறும். 'நான் குடிக்கலை' என்று சொன்னால், அதையே நோயின் அறிகுறியாக, 'மறுப்பு மனநிலை'யாகப் பார்க்கும் அபாயமும் உண்டு. செய்யாத ஒன்றை செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது? ஹெச்-1பி விசாவில் இருக்கும் இந்திய மருத்துவருக்கு வேலை போனால், அந்த நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குறி.

முறையிடவும் வலுவான வழி இருப்பதில்லை. வட கரோலினா மாகாணத் தணிக்கையாளர் 2014-ல் அங்குள்ள திட்டத்தை ஆராய்ந்தார். முறைகேடு நடந்ததாகத் தெரியவில்லை; ஆனால் நடந்தாலும் வெளியே தெரியாத அளவுக்குக் கண்காணிப்பு பலவீனமாக இருந்தது என்றார்.

தீர்வு உண்டா?

சந்தேகம் வந்தால் 'பெத்' என்ற ரத்தப் பரிசோதனையும் செய்து பார்க்கிறார்கள். சில வாரங்களுக்கு முன் குடித்ததைக்கூட அது காட்டும். இன்னொரு முறையில் உறுதிசெய்வது, மருத்துவ நிபுணர் ஒருவர் முடிவை அலசுவது, தண்டனைக்கு முன் விளக்கம் கேட்பது ஆகியவையே விமர்சகர்களின் கோரிக்கை.

நோயாளியின் பாதுகாப்புக்குக் கண்காணிப்பு தேவை. அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஒருவரின் பல ஆண்டு உழைப்பை ஒரே ஒரு எண் முடிவுசெய்யலாமா என்பதுதான் கேள்வி.